பதினேழாம் நம்பர் ஃப்ராக்

ஸ்டுடியோவில் எனக்கு 'ரப்பர்' என்று பெயர். முகப்பரு, மரு, கண்ணுக்குக் கீழே கருவளையம், மாப்பிள்ளையின் வழுக்கையில் அடிக்கும் பளபளப்பு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அழிப்பவள் நான். இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு. அக்காவுக்கு 'ஃப்ராக் அக்கா' என்று பெயர். ஸ்டுடியோவுக்குப் பின்னால் ஒரு தோட்டம் உண்டு. அங்கே படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கும் பழைய காலத்துப் பூப்போட்ட ஃப்ராக்குகள் அவள் பொறுப்பு. துவைப்பாள், கிழிந்ததைத் தைப்பாள், இஸ்திரி போடுவாள், வருகிறவளின் இடுப்புக்கு ஏற்றபடி முதுகில் ஊக்குக் குத்தி இறுக்குவாள். அந்தத் தோட்டத்துக்குத் தோட்டக்காரர் அக்காவின் கணவர், என் மாமா. ஆக எங்கள் குடும்பம் முழுவதும் ஒரே வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போய் வந்தது.

மொத்தம் அறுபத்து மூன்று ஃப்ராக்குகள். பழைய துணி வியாபாரிகளிடம் முதலாளி மூட்டை மூட்டையாக வாங்கியவை. ஒவ்வொன்றின் கழுத்துப் பட்டையிலும் சிவப்பு நூலால் நம்பர் தைத்திருப்பாள் அக்கா. எந்த நம்பரில் எந்தப் பூ, எந்தப் பொத்தான் போலி, எதைப் போட்டால் அக்குளில் பிரியும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அவளும் பூத்துணிதான் உடுத்துவாள். பெரிய பெரிய பூவாகப் பார்த்துப் பொறுக்கி, கழுத்து வரை மூடி, மணிக்கட்டு வரை கை வைத்துத் தானே தைத்துக்கொள்வாள். வெயில் கொளுத்தும் நாளிலும் மேல் பொத்தானை அவிழ்க்க மாட்டாள்.

அவளுக்கு வெண்புள்ளி. பதினான்கு வயதில் தாடையின் இடது ஓரத்தில் வந்தது. டாக்டர் "ஒட்டாது, வலிக்காது, பயப்பட ஒண்ணுமில்ல" என்றார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பள்ளிக்கூடத்தில் அவள் குடித்த டம்ளரை யாரும் தொடவில்லை. வீட்டுக்கு யாராவது வந்தால் அம்மா அவளை உள்ளே போகச் சொல்வாள். அப்போது எனக்கு ஒன்பது வயது. அக்காவை உள்ளே அனுப்புவது எனக்குப் பொறுக்காது. டீ டிகாஷனில் பஞ்சை நனைத்து அந்தப் புள்ளியின் மேல் ஒற்றி, காய்ந்ததும் அம்மாவின் முகப்பவுடரைத் தடவிவிடுவேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு முகத்தை என்னிடம் நீட்டுவாள். "தெரியுதாடி?" என்பாள். "துளிகூடத் தெரியல" என்பேன். அதற்காக அவள் என் கன்னத்தில் கொடுக்கும் முத்தத்தில் டீ வாசனை அடிக்கும். பின்னால் நான் வாங்கிய எந்தச் சம்பளமும் அதற்கு ஈடில்லை.

புள்ளி வளர்ந்து கழுத்துக்குப் போனது, தோளுக்குப் போனது, கைகளில் இறங்கியது. பஞ்சும் டிகாஷனும் போதாமல் போனபோது அவள் முழுக்கை தைக்கக் கற்றுக்கொண்டாள். துணியில் பூ பெரிதாக இருந்தால் பார்க்கிறவர் கண் பூவுக்குப் போகும் என்பது அவள் கண்டுபிடிப்பு. "பூவு பாத்துக்கும்டி" என்பாள். மாமாவைக் கட்டிக்கொண்ட பிறகும் அப்படித்தான். மாமா பேச்சு குறைந்தவர். செடியிடம் பேசுவார், மனிதரிடம் தலையாட்டுவார். அவர் எப்போதாவது "அரைக்கை போட்டுக்கயேன், வேர்க்குது பாரு" என்றால் போதும், அக்காவுக்கு முகம் சுருங்கிவிடும்.

இத்தனை வருடமும் ஸ்டுடியோவில் அவள் ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. கேமராவைக் கண்டால் இஸ்திரி அறைக்குள் ஓடுவாள். நானும் வற்புறுத்தவில்லை. வாய் நீளம் என்று பெயர் எடுத்தவள் நான். பேச வேண்டிய இடத்தில் மட்டும் எப்படித்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேனோ.

போன வருடம் ஒரு நாள் இரண்டு தோழிகள் படம் எடுக்க வந்து பதினேழாம் நம்பருக்காகச் சண்டை போட்டுக்கொண்டார்கள். அது மஞ்சளில் ரோஜாக் கொத்து போட்ட ஃப்ராக். பல வருடம் ஜன்னலோரம் தொங்கி, வெயில் பட்ட இடமெல்லாம் திட்டுத் திட்டாக வெளுத்துவிட்டது. அதை ஒதுக்கிவிடலாம் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தாள். முதலாளிதான் மனம் வராமல் வைத்திருந்தார்.

"எனக்கு அந்த வெளுத்ததுதான் வேணும். மத்ததெல்லாம் புதுசு மாதிரி இருக்கு, பாக்கவே பொய்யா இருக்கு" என்றாள் ஒருத்தி.

"நான்தான் முதல்ல பாத்தேன். திட்டுத் திட்டா எவ்ளோ அழகா இருக்கு பாரு!" என்றாள் இன்னொருத்தி.

முதலாளி வாடகையை ஏற்றிச் சொன்னார். இரண்டு பேருமே சரி என்றார்கள்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது அக்கா சாப்பிடாமல் தன் புறங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, துணி வெளுத்தா வாடகை ஏறுது. நான் வெளுத்தா மட்டும் பொத்திப் பொத்தி வைக்கணுமா?"

எனக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு வந்தது. "உன்னையும் வாடகைக்கு விட்டுடலாமா?" என்று கேட்டேன். அவளும் சிரித்தாள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். கூடப் பிறந்தவளுக்கு எது வேடிக்கை, எது வேதனை என்று தெரியாத மக்கு நான்.

இரண்டு மாதம் கழித்துப் பதினேழாம் நம்பரின் பக்கத் தையல் விட்டுப்போனது. துணி இற்றுவிட்டதால் இனி வாடகைக்கு ஆகாது என்று முதலாளி கழித்தார். அக்கா அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். மத்தியான இடைவேளைகளில் கதவைச் சாத்திக்கொண்டு தைத்தாள். என்ன தைக்கிறாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அந்தத் திங்கட்கிழமை எனக்குப் பல் வலி. பல் டாக்டரைப் பார்த்துவிட்டுப் பத்தரை மணிக்குத்தான் வேலைக்குப் போனேன். அதனால் நடந்ததை மாமா சொல்லித்தான் பிற்பாடு தெரிந்துகொண்டேன். காலை எட்டு மணிக்கு, ஸ்டுடியோ திறப்பதற்கு முன், அக்கா இஸ்திரி அறையிலிருந்து பதினேழாம் நம்பரில் வந்திருக்கிறாள். கையை முழுக்க வெட்டி எடுத்துவிட்டு, கழுத்தையும் இறக்கித் தைத்திருந்தாள். ரோஜா வரிசைக்கு நடுவே போய் நின்றாள். தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த மாமா குழாயை மூட மறந்து அப்படியே நின்றுவிட்டார். பாதை முழுக்கத் தண்ணீர்.

கேமராக்காரர் பழக்க தோஷத்தில், "அக்கா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி, அந்தக் கிளைக்குப் பின்னால நில்லுங்க" என்றாராம்.

"வேணாம் தம்பி. நேரா எடுங்க. நான் எப்படி இருக்கேனோ அப்படி எடுங்க."

ஏழெட்டு எடுத்திருக்கிறார். காற்றும் கண்சிமிட்டலும் போக ஒன்று பிரமாதமாக வந்தது. அதை மட்டும் என் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு, பத்து மணி கல்யாண ஜோடிக்காகக் கேமராவில் இருந்ததையெல்லாம் அழித்துக் காலி செய்துவிட்டார். "ரப்பர், உங்க அக்கா படம் வச்சிருக்கேன்" என்று நான் உள்ளே நுழையும்போது தோட்டத்திலிருந்து குரல் மட்டும் கொடுத்தார்.

திரையில் அக்காவைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த வாரம் அவள் பிறந்தநாள். இதைவிட நல்ல பரிசு என்ன கொடுத்துவிட முடியும் என்று உட்கார்ந்தேன். முப்பது வருடம் பொத்தி வைத்தவள் சட்டைக் கையை வெட்டிக்கொண்டு வெயிலில் நிற்கிறாளே, ஏன் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. என் கை தானாக வேலைக்குப் போய்விட்டது. நான்கு மணி நேரம் வேலை செய்தேன். எந்த மணப்பெண்ணுக்கும் அப்படிச் செய்ததில்லை. ஒவ்வொரு புள்ளியாகப் பெரிதாக்கி, பக்கத்துத் தோலின் நிறத்தை எடுத்து, ஓரம் தெரியாமல் நிரப்பினேன். வாடிக்கையாளர் படமென்றால் அசலைத் தனியாக எடுத்து வைப்போம். இது நம் வீட்டுப் படம்தானே என்று அசலின் மேலேயே சேமித்தேன்.

பிறந்தநாள் வரை பொறுக்க முடியாமல் அன்று சாயங்காலமே பெரிதாக அச்சுப் போட்டு, பூப்போட்ட காகிதத்தில் சுற்றி, இஸ்திரி அறையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு ஆசையாகப் பிரித்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"யாருடி இது?"

"நீதான்! எப்படி ஜொலிக்கிறே பாரு."

"அழகா இருக்கா" என்றாள். பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சொல்வது போலச் சொன்னாள். பிறகு, "எடுத்தது இருக்கா? தம்பி எடுத்தது?" என்று கேட்டாள்.

அசலின் மேலேயே சேமித்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இல்லை என்றேன். அவள் படத்தைச் சுற்றியிருந்த பூக்காகிதத்தை நான்காக மடித்து மேசை விளிம்பில் வைத்து நீவினாள்.

"நாளைக்கே வேற எடுக்கலாம்க்கா. நானே கூட நிக்கிறேன்."

"வேணாம் விடு. இன்னிக்கு வந்த தைரியம் இன்னிக்கு மட்டும்தான். நீ நல்ல மனசோடதானே செஞ்சே."

திட்டியிருக்கலாம். அந்தப் படத்தைக் கிழித்து என் முகத்திலேயே எறிந்திருக்கலாம். மறுநாள் காலை முழுக்கையில், மேல் பொத்தான் வரை போட்டுக்கொண்டு வந்தாள். அக்காவுக்கு அவளையே பிடித்துப்போன நாள் வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றையும் நான் அழித்துவிட்டேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஐம்பத்தோரு நாள் இருந்தாள். ஒரு வியாழக்கிழமை தலை வலிக்கிறது என்று இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மேசையில் நாற்பதாம் நம்பர் பாதி இஸ்திரியோடு கிடந்தது. மீதியை நான் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து மாமா என் அறை வாசலில் வந்து நின்றார். காலில் சேறு இருந்ததால் உள்ளே வரத் தயங்கினார்.

"அவ படம் ஒண்ணு வேணும்மா."

நான் அச்சுப் போட்டதை எடுத்து நீட்டினேன். ஒரு தடவை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இவளை எனக்குத் தெரியாது. அவ மாதிரி இருக்கிறது வேணும்."

"புள்ளியெல்லாம் திரும்ப வச்சுத் தரேன் மாமா. சாயங்காலம் வாங்க" என்றேன். அழிக்கத் தெரிந்தவளுக்கு வரையத் தெரியாதா என்ற திமிர். அவர் போன பிறகு படத்தைத் திரையில் திறந்தேன். தாடையில் ஒன்று வைத்தேன். அடுத்தது எங்கே? வலது தோளா, இடது தோளா? கழுத்தில் ஒன்றா, இரண்டா? நான்கு மணி நேரம் ஒவ்வொன்றையும் முகத்தளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தவள் நான். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. அழிப்பதற்காகப் பார்த்தது மனதில் தங்காது போலிருக்கிறது. சாயங்காலம் வரை அந்த ஒற்றைப் புள்ளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாமா கையைக் கழுவிக்கொண்டு வந்தார். திரையைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு, ஈர விரலைத் திரையில் வைத்தார்.

"கழுத்துல, இங்க ஒண்ணு, புளியங்கொட்டை மாதிரி. இது கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்தது. காதுக்குக் கீழே ரெண்டு, ஒட்டி ஒட்டி இருக்கும். இன்னும் கொஞ்சம் மேல. ஆங், அங்கதான். தோள்ல இருக்கிறது பெருசு, ஓரமெல்லாம் வளைஞ்சு வளைஞ்சு போகும். ரெண்டாவது குழந்தை தங்காமப் போச்சே, அந்த மாசம் வந்தது அது."

"ரெண்டாவதா?"

எனக்கு ஒரு குழந்தை போனதுதான் தெரியும்.

"உங்கிட்ட சொல்லலியா? நீ அழுவேன்னு சொல்லாம விட்டிருப்பா."

அவர் விரல் போன இடமெல்லாம் நான் வரைந்துகொண்டே போனேன். கண்ணீரில் திரை கலங்கியபோதெல்லாம் அவர் விரலை எடுக்காமல் காத்திருந்தார். முழங்கை, மணிக்கட்டு, விரல் கணு. ஒவ்வொன்றும் வந்த வருடம் அவரிடம் இருந்தது. கடைசியில் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தார். அக்கா ரோஜாக்களுக்கு நடுவே வெளுத்த ஃப்ராக்கில், நேராக எங்களைப் பார்த்து நின்றாள். அசல் இல்லை. என்றாலும் யார் என்று கேட்க வேண்டியதில்லை.

மாமா தாடையைத் தொட்டுக் காட்டினார்.

"நான் சொல்றதுக்கு முன்னாடியே இதை மட்டும் சரியா வச்சிருக்கியே. இது எப்படி உனக்குத் தெரிஞ்சது?"

"அதுதான் மாமா," என்றேன், "நான் முதமுதல்ல மறைச்சது."