பாதியில் விட்ட ரேடியம்

போன வாரம் இந்தப் பக்கத்தில் ஒரு தப்புச் செய்துவிட்டேன். எழுத்துப் பிழையைச் சொல்லவில்லை. அதை அச்சுக்கூடத்தார் எனக்காகவே செய்து தருகிறார்கள். ரேடியத்தைக் கண்டுபிடித்த அந்தப் போலந்துக்கார அம்மாவின் பெயரை ஒரே பத்தியில் மூன்று விதமாகப் போட்டிருந்தார்கள். ஆகவே இந்த வாரம் பெயரே இல்லை. 'அம்மா' என்று வந்தால் அவர்தான்.

நான் செய்த தப்பு வேறு.

போன வாரம் படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அம்மா பிறந்த நாட்டில் அப்போது பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, அந்தச் சம்பளத்தில் அக்காவைப் பாரிசில் படிக்கவைத்து, பிறகு தானும் அங்கே போனார். ஒழுகுகிற ஒரு கொட்டகையில், தன் உயரத்துக்கு இரும்புத் தடி வைத்துக்கொண்டு, வருஷக் கணக்காகக் கனிமக் குழம்பைக் கிண்டினார். கிடைத்தது ஒரு சிட்டிகைகூட இல்லை. ஆனால் இருட்டியபின் கணவரோடு போய்க் கொட்டகைக் கதவைத் திறந்தால்... சுற்றிவரக் குப்பிகள் தாமாகவே ஒளிவிட்டுக்கொண்டிருந்தன.

அந்த இடத்தில் நிறுத்தினேன். 'ரேடியத்தின் சக்தி பாதியாகக் குறையவே ஆயிரத்தறுநூறு வருஷம் செல்லும். அந்த அழகான வெளிச்சம் அம்மாவை என்ன செய்தது? ஒரு வாரம் பொறுங்கள்' என்று போட்டு, பேனாவை மூடிவிட்டேன்.

ஏன் நிறுத்தினேன்? வேறு எதற்கு... உங்களைப் பிடித்து வைக்கத்தான். என் மனைவி றோஸ் அப்போதே சொன்னாள், "அந்த மனுசி செத்தது உங்களுக்கு விளையாட்டாக் கிடக்கு" என்று. நான் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வெளியே வருகிறேன். கோயில் வாசலில் சவிரிமுத்து அண்ணை கையைப் பிடித்து நிறுத்தினார். திருகோணமலையில் நீங்கள் பார்த்த மீன்பிடி வள்ளங்களில் பாதிக்கு அவர்தான் பெயர் எழுதியிருப்பார். கடைப் பலகை, பஸ் பலகை, கல்லறைச் சிலுவை... எல்லாம் அவர் எழுத்து. வயது எழுபதை நெருங்குகிறது. கை மட்டும் இன்னும் நடுங்கவில்லை.

"தம்பி, உங்கட கதை வாசிச்சனான். நல்லாயிருந்தது. என்னட்டயும் ஒரு குப்பி கிடக்கு" என்றார்.

"என்ன குப்பி அண்ணை?"

"ரேடியம் பெயின்ற்."

கதை இதுதான். சுதந்திரம் கிடைத்த புதிதில் துறைமுகத்தடியில் ஒரு மணிக்கூடு திருத்தும் கடை இருந்ததாம். இப்போது இல்லை. கப்பல் மணிக்கூடுகள், திசைகாட்டிகள் எல்லாம் அங்கே வரும். இருட்டில் தெரிய வேண்டிய இலக்கங்கள் அழிந்திருந்தால், திரும்ப எழுதுவது அண்ணையின் வேலை. அந்த மினுங்குகிற பெயின்றில் கொஞ்சத்தை எடுத்து, எங்கள் கோயில் மாதா சுரூபத்தின் தலைக்குப் பின்னால் இருக்கும் தகர வட்டத்தில் பன்னிரண்டு நட்சத்திரம் வரைந்துவிட்டார்.

எங்கள் கோயில் பங்கில் ஒக்டோபர் மாதம் முழுக்க மாதா வீடு வீடாகப் போவா. ஒரு வீட்டில் ஒரு நாள். விளக்கை அணைத்துவிட்டு ஜெபமாலை சொல்வோம். அப்போது அந்தப் பன்னிரண்டும் மினுங்கும். பிள்ளைத்தாச்சிகள் வட்டத்தைத் தொட்டு வயிற்றில் வைப்பார்கள். சிறுசுகள் முத்தம் கொடுக்கும். சில வருஷமாக அது மங்கிக்கொண்டே வந்து இப்போது மினுங்குவதே இல்லை. எங்கள் பாவம்தான் காரணம் என்று ஒரு கட்சி. தகரம் கறள் பிடித்துவிட்டது என்று இன்னொரு கட்சி.

"குப்பியும் செத்துப்போச்சு எண்டுதான் நினைச்சிருந்தனான். ஆயிரத்தறுநூறு வருசம் எண்டு நீங்கள் எழுதினதப் பாத்தாப் பிறகுதான் விளங்கினது, அது சாகேல்ல எண்டு. வட்டத்தக் கழட்டி வீட்ட கொண்டுபோட்டன். மாதா வெளிக்கிட முன்னம் ஒருக்கா மேலால போட்டு விடுறன்" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"நல்லது அண்ணை" என்றேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. அந்த நேரம் என் மண்டைக்குள் ஓடியது ஒன்றுதான் — அடடா, பத்திக்கு நல்ல விஷயம் கிடைத்துவிட்டதே. சைக்கிளை உழக்கிக்கொண்டு மணிக்கூட்டுக் கோபுரம் தாண்டிச் சந்தைப் பக்கம் திரும்பும்போதுதான், நான் உங்களுக்குச் சொல்லாமல் மறைத்து வைத்த மற்றப் பாதி எனக்கே ஞாபகம் வந்தது.

திருப்பினேன் சைக்கிளை. லிங்கநகர், அண்ணையின் வீடு.

அண்ணை ஜன்னலோரம் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். மேசையில் பத்திரிகை விரித்து, அதன்மேல் தகர வட்டம். விரித்திருந்த பக்கம் எது என்று நான் பார்க்கவில்லை, பார்க்க விரும்பவும் இல்லை. குப்பியின் மூடி இறுகிப்போய்த் திறக்கவில்லையாம். சுடுதண்ணீரில் வைத்திருந்தார். அது இளகும்வரை தூரிகையை வாயில் வைத்து, உதட்டால் அழுத்தி, நுனியைக் கூராக்கிக்கொண்டிருந்தார். எழுத்து எழுதுகிறவர்கள் எல்லோரும் செய்வது. யாரும் கற்றுக்கொடுப்பதில்லை, தானாக வருவது.

"அண்ணை, அத வாயில வையாதேங்கோ."

"ஏன் தம்பி, வெறுந் தூரிகைதானே."

"அந்தக் காலத்தில ரேடியம் பூசேக்கயும் இப்பிடித்தானோ செய்தனீங்கள்?"

"ஓம். சின்ன இலக்கம். நுனி கூரில்லாட்டி ஏலாது. பதினஞ்சு வருசம் இப்பிடித்தான்."

கதிரையில் உட்கார்ந்தேன். மூடியைத் திறக்க வேண்டாம் என்று சொன்னேன். அது உடம்புக்குள் போனால் எலும்பில் தங்கும் என்று படித்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, என்னைப் பாருங்கோ. அறுபத்தெட்டு. சைக்கிள் ஓடுறன். கண்ணாடி இல்லாம எழுதுறன். நீங்கள் சொல்லுற மாதிரியெண்டா நான் எப்பவோ போயிருக்க வேணும்."

அந்த அம்மாவே ரேடியக் குப்பியைச் சட்டைப் பையில் கொண்டு திரிந்தவர்தான். இளம் வயதில் சாகவில்லை, அறுபத்தாறு வரை இருந்தார். அப்படியானால் இது ஆளைக் கொல்லுமா, கொல்லாதா? சிலரை மட்டுமா? எனக்குத் தெரியவில்லை.

அண்ணை அடுத்த கேள்வியைப் போட்டார். "வட்டம் இப்ப மினுங்குறேல்லத்தானே? அப்ப அதில ஒண்டும் இல்லத்தானே?" பிறகு தானே நிறுத்தி, "ஆனா ஆயிரத்தறுநூறு வருசம் எண்டு எழுதினதும் நீங்கள்தான்" என்றார்.

உண்மை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கும் ஏலவில்லை. தடுமாறிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன், அவர் இடப்பக்கக் கன்னத்துக்குள் எதையோ அடக்கி வைத்துக்கொண்டு கதைப்பதை.

"கிராம்பு" என்றார். "தாடைக்குள்ள ஒரு நோ. பல்லு விழுந்த இடம். மூண்டு மாசமாக் காயுதில்ல."

அந்த வயதில் யாருக்குத்தான் பல் விழவில்லை? என் மாமனாருக்கு ஐம்பதிலேயே போய்விட்டது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் எங்கோ இப்படி மணிக்கூட்டு இலக்கம் எழுதிய பெண்களுக்கு முதலில் தாடையில்தான் தொடங்கியது என்றும் படித்திருந்தேன். டொக்டரிடம் போவோம் என்றேன். "இல்லாத வருத்தத்துக்கு ஏன் டொக்டர்" என்றார். கடைசியில் ஓர் ஒப்பந்தம் செய்தோம். வட்டத்தில் ஏதாவது இருக்கிறது என்று நான் காட்டினால் அவர் டொக்டரிடம் வர வேண்டும். இல்லையென்றால் நான் வாயை மூடிக்கொண்டு மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்த வேண்டும்.

எப்படிக் காட்டுவது? எனக்குத் தெரிந்த விஞ்ஞானம் பத்தி எழுதுகிற அளவுக்குத்தான். மூதூர் ரபீக்கிடம் போனேன். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர், என் பழைய சிநேகிதர்.

"மினுங்காட்டியும் இருக்கலாம் அண்ணன்" என்றார் ரபீக். "பெயின்றில ரெண்டு சாமான். ஒண்டு ரேடியம். மற்றது அது அடிக்கிற அடியில மினுங்கிற தூள். அடி வாங்கி வாங்கித் தூள்தான் செத்துப்போகும். அடிக்கிறவன் அப்பிடியே இருப்பான்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். நான் புத்தகம் புத்தகமாகப் படித்தும் இது எனக்கு ஏறவில்லை.

அண்ணையிடம் வாங்கிவந்த குப்பியை ரபீக் ஈயத் தகடு சுற்றிய பெட்டி ஒன்றில் வைத்து, பெரிய டொக்டரிடம் சொல்லி ஒப்படைத்தார். வட்டத்தை, கறுப்புத் தாளில் சுற்றிய ஒரு எக்ஸ்ரே பிலிமின் மேல் வைத்து ஓர் இருட்டு அலுமாரிக்குள் பூட்டினார். வேறு ஒன்றும் செய்யவில்லை; ரேடியம் இருந்தால் அதன் கதிரே தாளைத் துளைத்துப் பிலிமில் படம் விழுத்துமாம். அந்த அம்மாவின் காலத்தில் இந்தக் கதிர் விவகாரம் முதலில் பிடிபட்டதே இப்படித்தானாம், இருட்டு மேசை லாச்சிக்குள் கிடந்த, படம்பிடிக்கிற தகட்டில்.

நான்கு நாள். அந்த நான்கு நாளும் நான் எதற்காக வேண்டிக்கொண்டேன்? படம் விழ வேண்டும் என்றா, விழக்கூடாது என்றா? விழுந்தால் நான் சொன்னது சரி. விழாவிட்டால் சவிரிமுத்து அண்ணை தப்பினார். என் புத்தி எந்தப் பக்கம் சாய்ந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. றோஸிடம் சொன்னேன். "நீங்கள் போன கிழமையே முழுக்க எழுதியிருந்தா அந்த மனுசன் குப்பியத் தொட்டே இருக்காது" என்றாள். அவளுக்கு மட்டும் குழப்பமே வருவதில்லை.

அவள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. நாம் எல்லோரும் கதையின் மினுங்குகிற பாதியைத்தான் முதலில் எடுத்து வைக்கிறோம். மாப்பிள்ளையின் உத்தியோகத்தை முதல் நாளும், அவருடைய ஆஸ்துமாவைத் தாலி கட்டிய பிறகும் சொல்கிற தரகரைத் திட்டுகிறோம். நான் மட்டும் என்ன செய்தேன்?

வியாழக்கிழமை ரபீக் பிலிமைக் கழுவிக் கையில் தந்தார். வட்டத்தை மட்டும் தரவில்லை, குப்பி இருந்த ஈயப் பெட்டிக்கே அனுப்பிவிட்டார்.

பன்னிரண்டும் விழுந்திருந்தன. ஓரம் கலைந்து, ஆனால் எண்ணக்கூடியதாக.

லிங்கநகர் போகும் வழி முழுக்க, எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். ஒன்றும் தேவைப்படவில்லை. அண்ணை பிலிமை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தார். நீண்ட நேரம் பார்த்தார். பயப்படுவார் என்று நான் நினைத்தேன். அவர் முகத்தில் வந்தது பயமில்லை.

"இந்தா, இது ஆறாவது" என்றார். "வால் ஒண்டு இழுபட்டுக் கிடக்குதெல்லோ? இத எழுதிக்கொண்டு இருக்கேக்கதான் மூத்தவள் பிறந்திட்டாள் எண்டு ஆள் வந்து சொன்னது. கை ஆடிப்போச்சு. துடைச்சுப் போட்டு நீலம் அடிச்சு மறைச்சனான். வட்டத்தில ஒருத்தருக்கும் தெரியாது. இது பாத்திருக்கு."

பிறகு கேட்டார். "நான் எழுதின வள்ளப் பேருகள் எல்லாத்தயும் உப்புத்தண்ணி திண்டிட்டுது. கடைப் பலகையளுக்கு மேல வேற ஆக்கள் எழுதிப்போட்டினம். இத எனக்குத் தருவியளோ?"

எச்சரிக்கை செய்யப் போனவன் நான். பிலிமைப் பரிசு கொடுத்துவிட்டு நின்றேன்.

"சரி, திங்கக்கிழமை டொக்டரிட்ட வாறன். சொன்ன சொல்லு சொல்லுத்தான்" என்றார். பிறகு, "அந்த அம்மாக்குக் கடைசியில என்ன நடந்தது? நீங்கள் எழுதேல்ல" என்றார்.

உங்களையெல்லாம் ஒரு வாரம் காக்க வைத்த முடிவை, ஒரே ஒரு வாசகரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டி வந்தது. அம்மாவின் விரல்கள் வெந்து புண்ணாகியதைச் சொன்னேன். கண் மங்கியதைச் சொன்னேன். எலும்புக்குள் இரத்தம் ஊறுவது நின்று செத்துப்போனதைச் சொன்னேன். இதைவிட மெதுவாக நான் எதையும் சொன்னதில்லை.

"வேலைய விட்டவவோ?"

"இல்லை அண்ணை. கடைசி மட்டும் விடேல்ல."

"அப்ப நான் அவவிலும் கெட்டிக்காரன். நான் இண்டையோட விட்டிட்டன்."

இருவரும் சிரித்தோம். எனக்குக் கண் கலங்கியது, மறைக்கவில்லை. பிலிமின் ஓரத்தில் தன் பெயரை எழுதவேண்டும் என்றார். சாதாரண வெள்ளைப் பெயின்ற், புதுத் தூரிகை. பிலிமை மேசையில் வைத்து நேராக்கினார். பெயின்ற் பேணியைத் திறந்தார். தூரிகையை எடுத்தார்... நுனியை வாயில் வைத்தார்.

அவர் என்னைப் பார்த்தார். மெதுவாகத் தூரிகையை வெளியே எடுத்தார்.

"நான் விட்டிட்டன் தம்பி" என்றார். "கைதான் இன்னும் விடேல்ல."