ராகுகாலத்தில் கிளம்பிய உள்ளான்கள்

மயிலாப்பூர் குளக்கரையிலிருந்து அடையாற்று முகத்துவாரம் மூன்று மைல். பஸ்ஸுக்கு இருபது பைசா. இதற்குப் பயணக் கட்டுரை ஒரு கேடா என்று கேட்பவர்கள், நான் போய்ச் சேர்ந்த அழகைப் படித்துவிட்டுக் கேட்கலாம்.

சனிக்கிழமை, மாலை 5 மணி. பாலம் தாண்டி இறங்கி, ஊரூர் குப்பம் வரை ஒரு மைல் நடந்தேன். பங்குனி கடைசி. சேற்றுத் திட்டு முழுவதும் உள்ளான்கள், குளிர்காலத்துக்கு வடதேசத்திலிருந்து வரும் சின்னக் கரைப்பறவைகள். புரட்டாசியில் வந்து இறங்கியபோது மெலிந்திருந்தவை இப்போது உருண்டு திரண்டிருந்தன. சிலவற்றின் மார்பு செம்மண் நிறமாகியிருந்தது. கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்கு உட்கார்ந்தவர்களைப் போல அவசர அவசரமாகத் தின்றன.

என் மகள் மைதிலியும் நானும் ஆறு வருஷம் இங்கே வந்திருக்கிறோம். பங்குனி கடைசியில் உள்ளான்கள் ஒரு நாள் இருக்கும், மறுநாள் இருக்காது. அவை கிளம்பும் அந்தக் கணத்தை மட்டும் இருவரும் பார்த்ததில்லை. அவள் ஸ்வீடனுக்குப் படிக்கப் போய் நான்கு வருஷமாகிறது. போன மாதக் கடிதத்தில், "அப்பா, இந்த வருஷமாவது அதுகள் கிளம்பறதை எனக்காகப் பார்த்து எழுதுங்கோ" என்று கேட்டிருந்தாள். அவள் என்னிடம் எதையும் கேட்டே வெகுநாளாகிவிட்டது.

வலை வீசிக்கொண்டிருந்த கன்னியப்பனிடம் விசாரித்தேன்.

"நாளிக்கு சாயங்காலம் பூடும் சார். காத்து மாறிக்கினு கீது. இருட்டறதுக்கு மின்னாடி வந்துடு."

ஞாயிறு, 4 மணி. நாலரை முதல் ஆறு ராகுகாலம். இப்போதே கிளம்பலாம் என்றால் என் மனைவி கோமதி விடவில்லை. "நேத்திக்குத்தான் தலையைச் சுத்தறதுன்னேள். இந்த வெயில்ல போக வேண்டாம். பரஸ்தானம் வெச்சுட்டு அப்புறமாப் போங்கோ."

நல்ல நேரத்தில் பயணச் சாமானைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. பிறகு எந்த வேளையிலும் போகலாம். பைனாகுலரையும் செருப்பையும் பக்கத்து வீட்டு ராமநாதன் கூடத்தில் வைத்துவிட்டு வந்தேன். ராகுவையே ஏய்த்துவிட்ட பெருமை எனக்கு.

4.45. எடுக்கப் போனால் கதவில் பூட்டு தொங்கியது. அன்று பிரதோஷம். குடும்பத்தோடு கபாலி கோயிலுக்குப் போய்விட்டார்கள். வெறுங்காலோடு, வெறுங்கையோடு போயிருக்கலாம். பயணச் சாமானை விட்டுவிட்டுப் போவதற்கு மனம் வரவில்லை. அவர் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

5.50. நெற்றி நிறைய விபூதியோடு ராமநாதன் வந்தார். "பிரதோஷம் ஓய், மறந்துட்டீரா? ரொம்ப நாழியாக் காத்துண்டிருக்கீரா?"

பைனாகுலரையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். முதலில் வந்த ஆட்டோவில் ஏறினேன். என் பதற்றத்தைப் பார்த்து டிரைவர், "இன்னா சார், ஆஸ்பத்திரியா?" என்றார்.

"இல்லப்பா. பறவை பார்க்க."

மந்தைவெளி தாண்டும்வரை ஆட்டோவை விரட்டினார். பிறகு, "அது பறந்துக்கினு போவும். நீ இன்னாத்துக்கு சார் ஓடறே?" என்றார். மீட்டர் ஒரு ரூபாய் எண்பது பைசா.

6.15. வெளிச்சம் இருந்தது. தண்ணீர் இருந்தது. திட்டு காலி.

கன்னியப்பன் வலையை உதறிக்கொண்டிருந்தார். "அஞ்சரைக்கு எழுந்துச்சு சார், மொத்தமா. ஒரு சுத்து சுத்திட்டு வடக்கால பூட்சு. நீ வருவேன்னு வழியப் பாத்துக்கினே இருந்தேன்."

பைனாகுலரில் வடக்கு வானத்தைத் துழாவினேன். ஒன்றுமில்லை. சேற்றில் ஆயிரக்கணக்கான சின்னக் கால் தடங்கள். அவற்றில் கடல் ஏற்றத்தின் தண்ணீர் மெல்ல நிறைந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. அதைச் சொல்வதில் வெட்கமில்லை.

மைதிலியின் பெட்டியையும் இதே ராமநாதன் வீட்டில்தான் பரஸ்தானம் வைத்தோம். நாள் பார்த்து, ஹோரை பார்த்து, ஒரு நிமிஷம் பிசகாமல் வழியனுப்பினேன். இரண்டு வருஷத்தில் வந்துவிடுகிறேன் என்றாள். ராகுகாலத்தில் கிளம்பிப் போன இந்த உள்ளான்கள் புரட்டாசி பிறந்தால் இதே சேற்றில் வந்து இறங்கிவிடும்.

திங்கட்கிழமை காலை அவளுக்கு நடந்ததை அப்படியே எழுதினேன். பார்த்ததாக ஒரு பொய் எழுதியிருக்கலாம், கை வரவில்லை. கடிதத்தை மடிக்கும் முன், ஓரத்தில் மிச்சமிருந்த இடத்தில் இதையும் சேர்த்தேன்:

"நீ அங்கிருந்து கிளம்பும்போது நாளும் பார்க்காதே, நேரமும் பார்க்காதே. கிளம்பி வா."