கியரைத் தொடாதே என்றார்கள்

ஃபிர்யாலுக்குத் திமிர் என்று ஜோர்டானில் எங்கள் ஊரான மஃப்ரக்கில் பாதிப் பேர் சொல்வார்கள். நானும் அதையேதான் சொல்கிறேன். என்ன, நான் பாராட்டாகச் சொல்கிறேன்.

கணவன் இறந்து, விதவை வீட்டிலிருக்கும் இத்தா காலம் முடிந்த மறுநாளே, கல்யாணத்தில் மஹராக வந்த வளையல்களை விற்றுப் பழைய கொரியக் கார் ஒன்றை வாங்கியவள் அவள். காலை ஆறரைக்கு எங்கள் தெருவில் ஹாரன் கேட்கும். நாங்கள் நான்கு ஆசிரியைகள் ஏறிக்கொள்வோம். பாக்தாத் சாலையில் எழுபது கிலோமீட்டர் தள்ளி எங்கள் பள்ளிக்கூடம். அந்தப் பக்கம் பஸ்ஸே கிடையாது. ஏழு வருஷமாக அவள் வீட்டு அடுப்பு எரிந்ததும் எங்கள் வேலை நிலைத்ததும் அந்தக் காரால்தான். கணவனின் தம்பி நாயிஃபுக்கு அதுதான் கண்ணில் உறுத்தல். விதவை ஊர் தாண்டிக் கார் ஓட்டினால் குடும்ப மானம் போகிறதாம். அடுப்பு அணைந்தால் போகாத மானம்!

போன வியாழக்கிழமை திரும்பி வரும்போது மேட்டில் எஞ்சின் கத்தியது, கார் நகரவில்லை. எப்படியோ உருட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனோம். அவன் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"பன்னெண்டு வருஷமா எண்ணெய் மாத்தாத கியர், அக்கா. இனிமே தொட்டீங்கன்னா செத்துரும். தொடாம வித்துருங்க."

ஃபிர்யால் வீட்டுக்கு வருவதற்குள் நாயிஃப் வாசலில் நின்றான், உடைசலுக்கு எடுக்க ஆள் ரெடி என்று. அவள் அவனைக் கண்டுகொள்ளாமல் எஞ்சினை ஓடவிட்டு, கியர் எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவினாள். நுனியில் மட்டும் ஈரம். குனிந்து காருக்கு அடியில் பார்த்தாள். எண்ணெய்த் தட்டின் விளிம்பெல்லாம் நனைந்திருந்தது.

"இது சாகலடா, பட்டினி கிடக்குது," என்றாள். "ஒழுகி ஒழுகி வத்திருக்கு. நானே மாத்திக்கிறேன்."

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் முன் சக்கரங்களைக் கனத்த மரக்கட்டைகள் மேல் ஏற்றி, பின் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து உள்ளே புகுந்தாள். நான் விளக்குப் பிடித்தேன். தட்டைக் கழற்றியதும் பாதி எண்ணெய் அவள் தலையில்தான் கொட்டியது. தட்டின் அடியிலிருந்த காந்தத்தில் கறுப்புச் சேறு. அதைத் துடைத்து, புது வடிகட்டி, விளிம்பில் ஒழுகாமல் அடைக்கும் புது கேஸ்கெட் போட்டு, காரின் புத்தகத்தில் எழுதியிருந்த அதே வகை எண்ணெயைப் புனல் வைத்து ஊற்றினாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள், ஒன்றைத் தவிர. தட்டின் போல்ட்டுகளை முடுக்கும்போது, "இது நாயிஃபுக்கு, இது அந்த மெக்கானிக்குக்கு," என்று பல்லைக் கடித்து, நீளமான ஸ்பானரில் தொங்கி முடுக்கினாள். எங்கள் ஊர்ப் பெண்கள் மாவு பிசையும்போது இப்படித்தான் பேர் சொல்லிக் குத்துவார்கள். மாவு தாங்கும்.

சனிக்கிழமை காலை காருக்கு அடியில் விரித்த அட்டையில் ஒரு ரொட்டி அளவு சிவப்பு எண்ணெய். அழுத்தம் தாங்காமல் கேஸ்கெட் பிதுங்கியிருந்தது, தட்டின் விளிம்பு வளைந்திருந்தது. எனக்கு அழுகை வந்தது. எங்களுக்கு வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும், விடிந்தால் பள்ளிக்கூடம். அவள் இரண்டாவது கேஸ்கெட் வாங்கி வந்து மறுபடி தட்டைக் கழற்றினாள். அந்த நேரம் பார்த்து நாயிஃப் காரைக் கேட்டுப் பேச ஒரு பெரிய மனுஷரைக் கூட்டி வந்தான். அந்தப் பெரிய மனுஷர் யார் என்று நினைக்கிறீர்கள்? என் அப்பா! அவர் கேட்டு இல்லையென்று சொன்னவர் எங்கள் பேட்டையில் கிடையாது.

ஃபிர்யால் காப்பி கொண்டுவந்தாள். அப்பா வாங்கினார், குடிக்காமல் முன்னால் வைத்தார். எங்கள் வழக்கத்தில், கேட்டதைக் கொடு, அப்புறம் குடிக்கிறோம் என்று அர்த்தம். 'குடிங்க' என்று அவள் சொல்லிவிட்டால் கார் போச்சு. சொல்லாவிட்டால் வந்தவருக்கு அவமானம்.

"அண்ணி, வண்டியக் குடுத்துருங்க," என்றான் நாயிஃப். "அட்டையப் பாருங்க, ரத்தமா கொட்டுது."

"பாத்தேன். அதான் அடியில படுத்துக் கிடக்கேன். நீங்க உக்காந்திருங்க, எனக்கு வேலை கிடக்கு."

சொல்லிவிட்டுக் காருக்கு அடியில் போய்விட்டாள்! பதில் வராமல் எழுந்து போகவும் முடியாது, குடிக்கவும் முடியாது. இரண்டு ஆம்பிளைகளும் நாற்காலியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்பா முறைத்தார்.

வளைந்த விளிம்பை மரக்கட்டை மேல் வைத்துத் தட்டிச் சமமாக்கினாள். இந்த முறை போல்ட்டுகளைக் கையாலேயே திருகி, ஒன்றுக்கு எதிராக ஒன்றாக, சின்ன ஸ்பானரால் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினாள். யார் பேரையும் சொல்லவில்லை. எண்ணெய் ஊற்றி, எஞ்சினை ஓட்டி, கியரை ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி எடுத்து, சூடானதும் கம்பியைப் பார்த்தாள். காரைக் கட்டையிலிருந்து இறக்கி, அதே மேட்டில் ஏற்றித் திரும்பிக் கொண்டுவந்து புது அட்டை மேல் நிறுத்தினாள். எல்லோரும் குனிந்தோம். அப்பாவும்தான். அரை மணி நேரம் ஆயிற்று. அட்டை காய்ந்தே கிடந்தது.

"இப்ப ஒழுகல. நாளைக்கு நடுரோட்டுல ஒழுகும்," என்றான் நாயிஃப்.

"ஒழுகினா மறுபடி படுப்பேன். பத்துத் தடவ ஒழுகினா பத்துத் தடவ படுப்பேன். வண்டி என்னுது. ஹாஜி, உங்க மேல மரியாதை இருக்கு. ஆனா குடிங்கன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

தெருவே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, கோப்பையை எடுத்து, ஒரே மடக்கில் குடித்தார்.

நாயிஃப் துள்ளி எழுந்தான். "ஹாஜி! அவங்க இன்னும் தரேன்னு சொல்லலியே!"

"அவ தரலப்பா. நான் கேக்குறத விட்டுட்டேன்," என்றார் அப்பா. கோப்பையை அவளிடம் நீட்டினார். "ஆறிப்போச்சு மகளே. சூடா ஒண்ணு ஊத்து."

ஃபிர்யால் ஊற்றினாள். கையைக்கூடக் கழுவவில்லை.