ஒரு கரண்டி கசப்பு

போர்நிறுத்தத்தில் வன்னிக்கான பாதை திறந்திருந்த காலம். வவுனியாவிலிருந்து வந்த பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர், முல்லைத்தீவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம் வியாபாரி. நரைத்த தாடி, வெள்ளைத் தொப்பி. கச்சான் கடலையை ஒவ்வொன்றாகக் கண்ணை மூடி ருசித்து மென்றுகொண்டு வந்தார்.

ஓமந்தைச் சோதனைச் சாவடியில் சிப்பாய் வெடிமருந்தோ என்று சந்தேகித்து என் டின்னை எடுத்துத் தனியே வைத்தான். கனடாவிலிருந்து அக்கா அனுப்பிய அமினோ அமிலத் தூள் அது. வருடக்கணக்காக விடாத களைப்பு எனக்கு. அதைக் குடித்தால் கொஞ்சம் எழும்பி நடமாட முடிந்தது. வீட்டிலோ எல்லாரும் என்னைச் சோம்பேறி என்றார்கள்.

"என்ன தூள் தங்கச்சி?" பின்னால் நின்ற வியாபாரி கேட்டார்.

"களைப்புக்குக் குடிக்கிறனான், நானா," என்றேன், முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் முறையில்.

அவர் சிப்பாயிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பிறகு ஒரு கரண்டி தூளை வாயில் போட்டு, கச்சானைப் போலவே கண்ணை மூடி மென்று விழுங்கினார். சிப்பாய் சிரித்துக்கொண்டு டின்னைத் திருப்பித் தந்தான்.

பஸ்ஸில் ஏறியதும் கேட்டேன்: "கசக்கேல்லையோ?"

"சரியான கசப்பு. முகத்தைச் சுளிச்சா விட்டிருப்பானோ?" என்றவர், தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "இதை ஒவ்வொரு நாளும் குடிக்கிறீங்களெண்டா, உங்களுக்கு உண்மையாத்தான் ஏலாமல் இருக்கு."

என் வீட்டில் ஒருவரும் அந்தத் தூளை ருசித்துப் பார்த்ததில்லை.