அலையில்லாத தண்ணீர்

அடையாறில் என் மகள் குடியிருக்கும் அடுக்குமாடியின் நீச்சல் குளத்தோரம், புதிதாக வெட்டிய புல்லும் சன்ஸ்கிரீனும் கலந்து அடித்த வாசனையில், இப்போது தார்ச்சாலையாகிவிட்ட ஒரு புல்கரை எனக்கு ஞாபகம் வந்தது.

அப்பா ஆல்ப்ஸ் மலைக் கிராமமொன்றின் ஓட்டலில் சமையல்காரராக இருந்தார். நாங்கள் அங்கே கழித்த ஒரே கோடையில், அவருடைய விடுமுறை நாட்களிலெல்லாம் ஏரிக்குப் போவோம். ஈரப்புல் உள்ளங்காலில் குறுகுறுக்கும், மேலே எங்கோ மாட்டு மணிகள் கேட்டுக்கொண்டே இருக்கும், தண்ணீருக்கடியில் ஒவ்வொரு கூழாங்கல்லும் தெரியும். பட்டினப்பாக்கத்து மீனவக் குடும்பத்தில் பிறந்த அம்மாவுக்கு அந்தத் தெளிவே பிடிக்கவில்லை.

"இன்னா தண்ணி இது? அலையும் இல்ல, உப்பும் இல்ல. சத்தமே போடாம கீது. இத்த நம்பாத பாப்பா" என்பாள். துண்டின் ஒரு முனையை என் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டுதான் முழங்கால் ஆழத்துக்கு விடுவாள்.

ஒருநாள் முடிச்சை அவிழ்த்துவிட்டு நடந்தேன். சில அடிகளில் தரை இல்லை. மேலே வெதுவெதுப்பாக இருந்த தண்ணீர் கீழே பனிக்கட்டியாகக் காலைப் பிடித்தது. அம்மா புடவையோடு பாய்ந்து, என் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்தாள். என்னைப் புல்லில் கிடத்திவிட்டு, அடிக்காமல், ஏரியையே முறைத்தாள்.

"நான் சொன்னேன் இல்ல?" என்றாள் அப்பாவிடம்.

இனி வரவே மாட்டாள் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அவள்தான் முதலில் கிளம்பினாள். ஊர் திரும்பும்வரை, நான் குளிக்கும்போதெல்லாம், தரை முடியும் அந்த இடத்தில் இடுப்பளவு தண்ணீரில், எனக்கு முதுகைக் காட்டி, ஏரியைப் பார்த்தபடி நின்றாள்.