செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்த காணி

போன தை மாதம் நடந்தது. கனடாவில், மோர்னிங்சைட்டில் எங்கள் அபார்ட்மென்ற். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, சாப்பாட்டு மேசையில் ஃபோனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு, நானும் மனைவியும் வீடியோ அழைப்பில் இந்தோனேசியாவில் ஒரு காணி பார்த்துக்கொண்டிருந்தோம்.

சிரிக்காதீர்கள். இந்தக் குளிருக்குள் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவனுக்கு, ஓய்வுக் காலத்திலாவது கொஞ்சம் வெயில் வேண்டும் என்று ஆசை வராதா? பக்கத்து மார்க்கம் நகரில் இருக்கும் நண்பர் ஒருவர்தான் அந்த ஆசையைக் கிளப்பிவிட்டவர். சுமாத்திராக் கரையில் ஒரு சின்ன மீன்பிடிக் கிராமம். வெளிநாட்டுக்காரர் சொந்தமாக வாங்க முடியாது, நீண்ட கால லீஸுக்கு எடுத்து வீடு கட்டிக்கொள்ளலாம். காலையில் கரைக்குப் போனால் துடிக்கத் துடிக்க மீன். சோறு, தேங்காய்ப்பால், உறைப்பு எல்லாம் எங்களைப் போலத்தான். ஆஸ்பத்திரி மட்டும் இரண்டு மணித்தியால ஓட்டம். புது ரோட்டு வருகிறது, அது வந்துவிட்டால் விலை கேட்கவே ஏலாது என்று நண்பர் அவசரப்படுத்தினார்.

அதற்குக் காசு புரட்ட எனக்கு ஒரே வழிதான் இருந்தது. ஊரில் அப்பா விட்டுப்போன வீடும் காணியும். பாதி எனக்கு, பாதி அண்ணைக்கு. அண்ணை யுத்தத்தின் கடைசி மாதங்களில் காணாமல் போனவர். அவருக்கு மரணச் சான்றிதழ் எடுத்தால்தான் விற்கலாம் என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். அந்த வீட்டில் தனியாக இருக்கும் அண்ணி இத்தனை வருஷமும் அதற்கு இணங்கவில்லை. துருப்பிடித்த கேற்றை மாற்றச் சொல்லி ஒருமுறை நான் காசு அனுப்பியபோது, அவர் வந்தால் வீடு அடையாளம் தெரியாது என்று சொல்லிப் பழையதையே வைத்திருந்தவர். ஆனால் நான் விடவில்லை. மார்கழி முழுவதும் ஃபோன் எடுத்து நச்சரித்தேன். ஒரு பேப்பர்தானே அண்ணி என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். நினைக்க இப்போது வெட்கமாக இருக்கிறது.

எங்களுக்கு இரவுச் சாப்பாட்டு நேரம், அங்கே விடிந்து சற்று நேரம். காணியைக் காட்டியவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தரகர். நன்றாக ஆங்கிலம் பேசினார். ஃபோனைப் பிடித்துக்கொண்டு நடந்து நடந்து தென்னைகளைக் காட்டினார், கடலைக் காட்டினார். காணி பார்ப்பதில் நான் ஒரு புலி என்று எனக்கு நினைப்பு. யாழ்ப்பாணத்தான் எவனும் முதலில் கேட்பதைத்தான் நானும் கேட்டேன். கிணறு இருக்கோ, தண்ணி நல்லதோ உவரோ?

கிணற்றைக் காட்டினார். நல்ல தண்ணீராம். ஆனால் ஆளில்லாத அந்தக் காணியில் கயிறு புத்தம் புதிது. வாளியில் இன்னும் ஈரம் இருந்தது.

பக்கத்து வீட்டார் அள்ளுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் தரையைக் கவனித்தேன். மணல் முழுக்க விளக்குமாற்றுக் கோடுகள். அரைவட்டம் அரைவட்டமாக, ஒரு சருகுகூட இல்லாமல், இப்போதுதான் கூட்டியதுபோல் இருந்தது. கூட்டியவரின் காலடி ஒன்றையும் காணவில்லை. நடுவில் ஒரு வீட்டளவு இடம் வெறும் மணலாகக் கிடந்தது. தரகர் கடற்பக்கம் போவதற்கு அதன் குறுக்கே நேராகப் போயிருக்கலாம். அவர் அதன் விளிம்பால் நடந்து, மூலையில் திரும்பி, மறுபடி விளிம்பால் போனார்.

எனக்கு என்னவோ போல் இருந்தது. இருந்தாலும் நடுவில் நின்று கடலைக் காட்டுங்கள், என் விறாந்தையிலிருந்து எப்படித் தெரியும் என்று பார்க்க வேண்டும் என்றேன். அவர் தயங்கினார். பிறகு ஓரிடத்தில் நின்று செருப்பைக் கழற்றினார். ஏதோ ஒரு சொல்லை மெதுவாகச் சொன்னார். உயரம் குறைந்த வாசலுக்குள் நுழைகிறவர்போலத் தலையைக் குனிந்துகொண்டு கால் வைத்தார்.

சட்டியும் அகப்பையுமாக என் பின்னால் நின்ற மனைவி கேட்டாள்: "இஞ்சருங்கோ, உவ ஏன் செருப்பைக் கழட்டுறா? அதில வீடு எங்க?"

 அதையே தரகரிடம் கேட்டேன். அவர் செருப்புக் கிடந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார். அங்கே ஒரு வீடு இருந்ததாம். சுனாமி அன்று அதில் ஒரு தாயும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருந்தார்களாம். தகப்பன் ஆழ்கடலில் தொழிலுக்குப் போயிருந்ததால் தப்பிவிட்டார். திரும்பி வந்தபோது கரையில் வீடும் இல்லை, ஆட்களும் இல்லை. மூவரின் உடல்களும் கிடைக்கவேயில்லை. அவர் இப்போது இரண்டு தெரு தள்ளி ஒரு குடிசையில் இருக்கிறார். தினமும் விடியற்காலையில் வந்து அந்த முற்றத்தைக் கூட்டிவிட்டுப் போகிறார். காணியை லீஸுக்குக் கொடுப்பது நகரத்தில் இருக்கும் அவருடைய தம்பி. அண்ணனின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி, பேசிச் சரிப்பண்ணிவிடலாம் என்றார் தரகர்.

நான் மனைவியைப் பார்க்கவில்லை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

அந்த நேரம் திரையின் ஓரத்தில் அந்தத் தகப்பனே வந்தார். மெலிந்த, என் வயது மதிக்கத்தக்க ஒருவர், கையில் நீண்ட விளக்குமாறு. தரகர் வெளியே வந்து செருப்பைப் போடும்வரை பொறுத்திருந்தார். பிறகு பின்பக்கமாக நடந்தபடி தரகரின் காலடிகளையும் தன்னுடையதையும் சேர்த்து அழித்துக்கொண்டே வந்தார். அருகில் வந்து ஃபோனுக்குள் என்னைக் குனிந்து பார்த்தார். கனடாவில் இருந்து காணி பார்க்கிறார் என்று தரகர் சொல்லியிருக்க வேண்டும். அவர் கோபப்படவில்லை. சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். தரகர் அதை ஆங்கிலத்தில் சொல்லும்போது அவருடைய குரல் இறங்கிப்போயிருந்தது.

"நீங்கள் வீடு கட்டின பிறகு அவர்கள் வந்து கேட்டால், நான் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுவீர்களா?"

என்னால் ஓம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. கோழை மாதிரி ஃபோனை நிறுத்திவிட்டேன்.  மனைவி ஃபோனை எடுத்து ஊருக்கு அழைத்து என்னிடம் நீட்டினாள்.

ஊரிலும் அப்போது காலை. அண்ணி ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார். விளக்குமாறு மணலில் உரசும் சத்தம் கேட்டது. ஒரு கணம் எந்த நாட்டுடன் பேசுகிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை.

நான் வாய் திறக்கமுதல் அண்ணியே சொன்னார், மரணச் சான்றிதழ் விண்ணப்பத்தை நிரப்பிவிட்டாராம், இன்றைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறாராம். நீங்களும் எவ்வளவு காலம்தான் பொறுப்பீங்கள் என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னார்.

"வேண்டாம் அண்ணி. அதைக் கிழிச்சுப் போடுங்கோ," என்றேன்.

விளக்குமாற்றுச் சத்தம் நின்றது.  பிறகு அண்ணி கேட்டார், அவருடைய கலியாணத்துக்குப் பிறகு நான் கேட்டிராத ஓர் இளம் குரலில்:

"ஏன் தம்பி, அவரைப் பற்றி ஏதும் தகவல் வந்ததோ?"

இல்லை அண்ணி என்று சொல்வதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு அவர் திரும்பக் கூட்டத் தொடங்கினார். நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். மேசையில் சோறு ஆறிப்போயிருந்தது.

தரகருக்கு நான் பிறகு ஃபோன் எடுக்கவில்லை. அந்தக் காணியை வேறு யாராவது எடுத்தார்களோ தெரியாது. எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் வீடு ஒன்றை இடித்துவிட்டு வெறுமையாகப் போட்டிருக்கிறார்கள், பஸ் தரிப்புக்கு அது நல்ல குறுக்குவழி. எல்லோரும் பனியை மிதித்துக்கொண்டு அதன் நடுவால் போகிறார்கள், நான் மட்டும் ஓரத்தால் சுற்றிப் போகிறேன். அந்த மனிதரின் கேள்விக்கு நான் அன்று பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். என் அண்ணை என்றைக்காவது வந்தால் துருப்பிடித்த அந்தக் கேற்றும், கூட்டிய முற்றமும், அண்ணியும் அங்கேயே இருக்கட்டும் என்று விட்டதுதான் அவருக்கு நான் சொல்லக்கூடிய ஒரே பதில்.