மஸீஹா பார்த்த பீரிசு

பலாபத்வலையில் யாழ்ப்பாணப் பாதையோரம் மிளகும் கராம்பும் வாங்கி விற்ற லாபிரின் பெண்சாதி மஸீஹாவை ஊர்ப் பெண்கள் பயந்தாங்கொள்ளி என்பார்கள். வாய் இருக்கிறது, சொன்னார்கள். கொல்லைக்குள் வந்த புடையன் பாம்பை உலக்கையால் அடித்து வேலிக்கு அப்பால் எறிந்தவளும் இதே மஸீஹாதான் என்பதை வசதியாக மறந்துவிட்டார்கள். அவள் பிறவிப் பயந்தாங்கொள்ளி அல்ல. மகள் கைறுன்னிஸாவுக்கு நோய் வந்த பிறகுதான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டாள்.

முதலில் வந்தது வெறும் தொண்டை நோவு. மாத்தளை மழைக்கு அது யாருக்குத்தான் வராது? கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் கொடுத்தாள், போய்விட்டது. சில வாரம் கழித்து முழங்கால்கள் வீங்கின. அதுவும் வடிந்தது. பிறகு கை ஆரம்பித்தது. பிள்ளை சும்மா இருக்க, விரல்கள் தம்பாட்டில் துள்ளின. சோறு வாய்க்குப் போகாமல் மடியில் விழுந்தது. குர்ஆன் ஓதப்போன இடத்தில் எழுத்துப் பலகையைக் கீழே போட்டாள் என்று பிரம்படி. வீட்டில் கோப்பையை உடைத்தாள் என்று மஸீஹாவும் ஒன்று வைத்தாள். அந்த அடியை நினைக்கும்போதெல்லாம் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஜின் பட்டிருக்கிறது என்றார்கள். பள்ளிவாசல் லெப்பை தண்ணீர் ஓதிக் கொடுத்தார், கறுப்பு நூல் கட்டினார். கை நிற்கவில்லை.

மாத்தளை ஆஸ்பத்திரி டொக்டர்தான் விளங்கப்படுத்தினார். எல்லாவற்றுக்கும் மூலம் அந்தத் தொண்டைக் கிருமி. முழங்காலும் கையும் ஆறிவிடும். இருதயம் அப்படியல்ல, தொண்டை திரும்பத் திரும்பப் புண்ணானால் அது பழுதாகும், பிறகு திரும்பாது. இப்போதைக்குத் தப்பியிருக்கிறது. மாதா மாதம் பெனிசிலின் ஊசி போட வேண்டும், தவறக் கூடாது. தொண்டை, முழங்கால், கை மூன்றிலும் கண் வைத்திருங்கள் என்றார்.

மஸீஹாவிடம் போய் இதைச் சொல்லலாமா? காலையில் பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்லி டோர்ச் அடித்துப் பார்ப்பாள். முழங்காலை அமுக்கிப் பார்ப்பாள். கைக்கென்று அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கோப்பையின் விளிம்பு வரைக்கும் தேத்தண்ணி ஊற்றி, அடித்தட்டான பீரிசில் வைத்து, ஏந்திக்கொண்டுபோய்க் குடிக்கச் சொல்வாள். குடித்து முடிந்ததும் பீரிசைப் பார்ப்பாள். காய்ந்திருந்தால் அன்றைக்கு மூச்சு ஒழுங்காக வரும். ஒரு தரம் பீரிசு நனைந்திருந்தது. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

"பீரிசில சாத்திரம் பாக்கிறா" என்று லாபிர் கேலி செய்வான். ஆனால் கடையைத் திறந்த கையோடு உள்ளே குரல் கொடுப்பதும் அவன்தான்.

"பீரிசு எப்பிடி?"

"காஞ்சு ஈக்கி."

அதற்குப் பிறகுதான் தராசைத் தொடுவான்.

நோன்பு மாதம் வந்தது. தன் வயதுப் பிள்ளைகள் எல்லாரும் நோன்பு பிடிக்கிறார்கள், நானும் பிடிப்பேன் என்று கைறுன்னிஸா ஒற்றைக் காலில் நின்றாள். போன வருஷம் பிரம்படி வாங்கிய பிள்ளை. ஊர் முன்னால் தலை நிமிர ஆசைப்படுகிறாள். மஸீஹாவால் மறுக்க முடியவில்லை. முதல் நோன்பன்று மாலை, நோன்பு திறக்கும் நேரம், பக்கத்து வீட்டு ஹவ்வா ஈச்சம்பழம் கொண்டுவந்து பிள்ளையின் வாயில் வைத்தாள். வீடே சிரித்தது. காலைத் தேத்தண்ணி அன்றோடு நின்றது. பீரிசும் அலமாரிக்குப் போனது.

ஊசி நாளும் அந்த மாதத்துக்குள்தான் விழுந்தது.

"ஊசி ஏத்தினா நோன்பு முறிஞ்சிருமே மச்சி" என்றாள் ஹவ்வா.

கைறுன்னிஸா அழுதாள். "ஒண்ணும் விடாமப் பிடிச்சிட்டு வாறேன் உம்மா. பெருநாள் முடியப் போடுங்களேன்."

"லெப்பைட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வரவா?" என்றான் லாபிர்.

"இதுக்குப் போய் அவருட்ட என்னத்தக் கேக்கிற? பெருநாள் இந்தா வந்திரும்" என்று மஸீஹா முடித்துவிட்டாள். பீரிசுக்குப் பயந்தவள் அன்றைக்கு ஊசி தவறுவதற்குப் பயப்படவில்லை.

பிள்ளையின் குரல் கொஞ்சம் கம்மியது. நோன்புத் தாகம் என்று நினைத்தாள். பகலில் வாயைத் திறக்கச் சொல்லி டோர்ச் அடிக்கவும் மனம் வரவில்லை. தொண்டை நோவதைச் சொன்னால் நோன்பை விடச் சொல்வார்கள் என்று கைறுன்னிஸாவும் வாயை மூடிக்கொண்டாள்.

பெருநாளுக்குச் சில நாள் இருக்கையில், நோன்பு திறக்கும் நேரம், ஹவ்வா வீட்டுக்குக் கைறுன்னிஸாவிடம் கொடுத்துவிட்ட கஞ்சிக் கோப்பை வாசலிலேயே விழுந்து உடைந்தது.

"நோன்புக் களைப்பு. புள்ளய ஏசாதீங்க" என்றான் லாபிர்.

மஸீஹா ஏசவில்லை. பாங்கு சொல்லி முடிந்ததும் பீரிசை எடுத்து, தேத்தண்ணியை விளிம்பு வரைக்கும் ஊற்றி மேசையில் வைத்தாள். கைறுன்னிஸா கோப்பையைத் தூக்கவில்லை. குனிந்து, வாயைக் கோப்பையிடம் கொண்டுபோனாள்.

"தூக்கிக் குடி மகள்."

"சூடா ஈக்கி உம்மா."

"தூக்கு."

தூக்கினாள். பீரிசு நிறைந்து, மேசை நனைந்து, தரையிலும் சொட்டியது. பிள்ளை உம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எப்ப இருந்து?" என்று லாபிர்தான் கேட்டான். அவன் கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு லொறி கேட்க ஓடினான்.

ஆஸ்பத்திரியில் ஊசி இறங்கும்போது கைறுன்னிஸா கேட்டாள், "இண்டைக்குப் பிடிச்ச நோன்பு முறிஞ்சிருமா உம்மா?" திறந்துவிட்ட நோன்பு இனி எப்படி முறியும் என்று மஸீஹா அவள் தலையைத் தடவினாள். டொக்டர் குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டார். எடுத்தார். மறுபடி வைத்தார். முன்பு வந்தபோது இருதயத்தில் கேட்காத ஒரு சத்தம் இப்போது கேட்கிறது என்றார்.

சேதி கேட்டு மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்த லெப்பை தலையில் கை வைத்துக்கொண்டார். "மருந்து ஊசியால நோன்பு முறியாது தங்கச்சி. அதோட, நோயாளிக்கு நோன்பை விடுறதுக்கு அல்லாஹ்வே அனுமதி குடுத்திருக்கான். என்னட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

லாபிர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், திட்டியிருந்தால், அவளுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

மழைக்காலம் முடியுமுன் கை நின்றுவிட்டது. பீரிசு மறுபடி காய்ந்தது. லாபிர் பழையபடி கடையிலிருந்து கேட்டான், மஸீஹாவும் பழையபடி பதில் சொன்னாள். ஊசி அதன் பிறகு ஒரு மாதமும் தவறவில்லை. ஆனால் விடிந்ததும் மகளை இழுத்து அணைத்து, அவள் நெஞ்சில் காதை வைப்பது புதுப் பழக்கமாகிவிட்டது. கைறுன்னிஸா கூச்சத்தில் நெளிவாள்.

"என்ன கேக்குது உம்மா?"

"அசையாத."

அதில் நல்ல சத்தம் எது, கெட்ட சத்தம் எது என்று மஸீஹாவுக்குத் தெரியாது. ஆனாலும் காதை எடுக்கப் பயமாக இருந்தது.